கோத்தா இஸ்கண்டாரின் கதவைத் தட்டுவோம்

காடு அழிகிறது என்று கேள்விப்பட்டதும் புத்ராஜெயாவுக்கு மனு எழுதியே பழகிவிட்டோம். ஆனால் நம் கூட்டரசு அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணை நிலத்தையும் காட்டையும் மாநிலத்தின் கையில் ஒப்படைத்திருக்கிறது. ஜொகூரில் ஒரு காப்புக்காடு நிலைப்பதும், அரசிதழின் ஒரே அறிவிப்பில் அது இல்லாமல் போவதும் மாநில நிர்வாக மையமான கோத்தா இஸ்கண்டாரில்தான் முடிவாகின்றன. அங்கே நம் குரல் இன்னும் கேட்கவில்லை.

பூலாவ் குக்குப்பை மறந்துவிடாதீர்கள். பொந்தியான் கரைக்கு எதிரே, ஆள் குடியில்லாத 647 ஹெக்டர் கண்டல் தீவு. 1997-இல் தேசியப் பூங்கா ஆனது. 2003 ஜனவரி 31 அன்று தஞ்சோங் பியாய், சுங்கை பூலாய் இரண்டோடும் சேர்ந்து பன்னாட்டு ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. உலகமே ஏற்றுக்கொண்ட இடத்தை யார் தொடப்போகிறார்கள் என்று நிம்மதியாக இருந்தோம். 2018 கடைசியில் அந்தப் பூங்காத் தகுதி நீக்கப்பட்ட செய்தி வந்தது. மக்கள் கொதித்தார்கள். கூட்டரசு அரசாங்கமோ, தகுதியை விட்டுவையுங்கள் என்று மாநிலத்தைக் கேட்டுக்கொள்ளத்தான் முடிந்தது, உத்தரவிட முடியவில்லை. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சுங்கை பூலாய் முகத்துவாரத்தில் நடந்தது இன்னும் வலிக்கிறது. மெராம்போங் கடற்புல் திட்டு கடற்குதிரைகளின் வீடு. ஆவுளியாவின் மேய்ச்சல் நிலம். தஞ்சோங் கூப்பாங் வட்டாரத்து இளையோர் 'கெலாப் அலாமி' என்ற இயற்கைக் குழு வழியாக அதைக் கண்காணித்து வந்தார்கள். 2014-இல் ஃபாரஸ்ட் சிட்டி நகரத் திட்டத்துக்காக அங்கே கடலில் மணல் கொட்டினார்கள். விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமலே தொடங்கிய வேலை அதே ஆண்டு நிறுத்தப்பட்டது, பிறகு அனுமதியோடு தொடர்ந்தது. அதற்குள் மணலுக்கடியில் போன புல்லுக்கு எந்த அறிக்கை உயிர் கொடுக்கும்? மணல் லாரி வந்த பிறகு பதாகை பிடித்துப் பயனில்லை, தோழர்களே. வரைபடத்தில் கோடு போடும்போதே நாம் அங்கே இருக்க வேண்டும்.

அந்தக் கோட்டை மாநில அரசோடு சேர்ந்து போடுவது ஊராட்சி மன்றங்கள். ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் மாநகர் மன்றங்களின் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1965-இல் நிறுத்திய ஊராட்சித் தேர்தல் திரும்பவே இல்லை. மாநில அரசு நியமிக்கிறது. வாக்குச்சீட்டு இல்லாத நமக்கு 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது: உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தே ஆக வேண்டும், ஆட்சேபம் எழுத நமக்கு உரிமை உண்டு. எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

எழுதினால் நடக்கும். சிலாங்கூரில் கோலா லங்காட் வடக்குக் காப்புக்காட்டை நீக்கிய முடிவை மாநில அரசு 2021 செப்டம்பரில் கைவிட்டது. தெமுவான் பூர்வகுடி மக்கள் விடாமல் நின்றார்கள். ஆட்சேபக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன.

காட்டை விட்டால் மாநிலத்துக்கு வருமானம் ஏது என்று கேட்பார்கள். காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கென 2019 வரவு செலவுத் திட்டத்தில் 6 கோடி ரிங்கிட் ஒதுக்கிய கூட்டரசு, 2025-இல் அதை 25 கோடியாக்கியது. போதாது என்றால் கூடுதலாகக் கேட்கட்டும், நாமும் சேர்ந்து கேட்போம்.

நேரம் குறைவு. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. தஞ்சோங் பெலெப்பாஸ் முதல் டெசாரு வரை நிலத்துக்குப் போட்டி தொடங்கிவிட்டது.

நாம் தோட்டத்து மக்கள். காட்டை வெட்டிப் பால்மரம் நட்டவை நம் தாத்தா பாட்டிகளின் கைகள். அந்த முடிவை அவர்களைக் கேட்டு யாரும் எடுக்கவில்லை. நம்மைக் கேட்காமல் இனி எடுக்க விடக்கூடாது.

குளுவாங், கூலாய், மாசாய், சிகாமட் தோழர்களே! உங்கள் மன்றத்தின் திட்ட வரைவு எப்போது பார்வைக்கு வருகிறது என்று இந்த வாரமே விசாரியுங்கள். ஆலய நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம், இளைஞர் மன்றம் எல்லாரையும் கூட்டிச் செல்லுங்கள். ஆட்சேபத்தை மலாயில் எழுதி, பெயரும் அடையாள அட்டை எண்ணும் இட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நகலை உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் மேசையில் நேரில் வையுங்கள்.