தூரத்தின் பாரம் யார் தலையில்?

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் ஜாலான் பெஞ்சாரா என்றொரு சாலை இருக்கிறது. மலாய் மொழியில் பெஞ்சாரா என்றால் சிறை. 1966-இல் திறக்கப்பட்ட குவீன்ஸ்டவுன் ரிமாண்ட் சிறை அங்கேதான் இருந்தது. கட்டடத்தை இடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சாலையின் பெயர் மட்டும் மிச்சம். வழக்கு முடியக் காத்திருந்த விசாரணைக் கைதிகள் அங்கிருந்து நீதிமன்றத்துக்குப் போய்வந்த தூரம் சில கிலோமீட்டர்தான். "என் வழக்கை வேறு ஊருக்கு மாற்றுங்கள்" என்று அவர்களில் ஒருவரும் கேட்டிருக்க வழியில்லை. நாடே ஒரு நகரம். மாற்றுவதற்கு வேறு ஊர் ஏது?

இங்கே வழக்கை மாற்றுவது என்றால் ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொரு நீதிமன்றத்துக்கு மாற்றுவதுதான். 2024-இல் அந்தக் கேள்வி நாடறிய எழுந்தது. முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன் மீதான வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நாடாளுமன்றக் குழுவிடம் பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்ட அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் பிரித்தம் சிங், தம் வழக்கையும் அரசு நீதிமன்றத்திலிருந்து அங்கே மாற்றும்படி கேட்டார். செப்டம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. வழக்கு அரசு நீதிமன்றத்திலேயே நடந்தது. ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கும் அரசு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றம் இயங்கும் உச்ச நீதிமன்றக் கட்டடத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். சாட்சிகள் எங்கே போக வேண்டியிருந்தாலும் குவீன்ஸ்டவுனிலிருந்து எம்ஆர்டி ஏறினால் அரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்து மக்கள் கேள்வி கேட்டதில் தவறில்லை. வழக்கு பெரியது, பெயர் பெரியது என்பது மட்டும் மாற்றத்துக்குக் காரணமாகாது என்ற நிலையும் நியாயமானதே. கேட்டவர் மனம் நோகலாம். அவருடைய வழக்கு அதனால் கெடவில்லை.

தமிழர் வாழும் மற்ற நாடுகளில் இப்படி இல்லை. அங்கே ஒரு வழக்கை ஊர் மாற்றினால் சாட்சியின் வாழ்க்கையே ஆட்டம் காணும். நீதி பிழைப்பதும் சாவதும் சில நேரம் அந்த ஒரு உத்தரவில்தான் இருக்கிறது. ஆகவே இதில் எது சரி, எது தவறு என்று நாம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

குற்றம் எந்த எல்லைக்குள் நடந்ததோ அந்த எல்லையின் நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்பது இந்தியக் குற்றவியல் நடைமுறையின் அடிப்படை. நீதி கெடும் என்று தெரிந்தால், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு. பழைய சட்டத்தில் அது பிரிவு 406. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 446. இந்தப் பிரிவின் பெயரைத் தமிழ்நாட்டில் தேநீர்க்கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரே வழக்கு: ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு.

1991 முதல் 1996 வரை தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த காலத்தில் வருமானத்துக்கு மீறி 66.65 கோடி ரூபாய்க்குச் சொத்து சேர்த்தார் என்று 1997-இல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. சென்னைத் தனி நீதிமன்றத்தில் சாட்சிகள் வரிசையாக வந்து சொன்னார்கள். 2001 மே மாதம் ஆட்சி மாறியது. குற்றம் சாட்டப்பட்டவரின் கட்சியே கோட்டைக்குத் திரும்பியது. அரசு வழக்கறிஞர் மாறினார். ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேரை மறுபடி கூண்டுக்கு அழைத்தார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மறுத்தார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ் சாட்சிகள் என்று அறிவிக்கும்படி கேட்கவில்லை. எது பொய், முன்பு சொன்னதா இப்போது சொல்வதா என்று கேட்கவும் இல்லை.

அந்த 64 பேரைக் கோழைகள் என்று திட்ட நமக்கு மனம் வரவில்லை. இப்படிப்பட்ட வழக்கில் சாட்சி சொல்ல வருபவர்கள் பத்திரப் பதிவு அலுவலர், பொதுப்பணித் துறைப் பொறியாளர், வங்கி ஊழியர் போன்றவர்கள். அரசு ஊழியராக இருக்கும் சாட்சிக்குச் சம்பளம் கொடுப்பதும் பணியிட மாற்றம் போடுவதும் ஓய்வூதியக் கோப்பில் கையெழுத்திடுவதும் எந்த அரசோ, அந்த அரசின் தலைமையே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. பிள்ளைகுட்டியோடு வாழும் மனிதர் என்ன செய்வார்? குற்றம் அவர் மீதல்ல. அவரை அந்தக் கூண்டில் தன்னந்தனியாக நிற்க விட்ட அமைப்பின் மீதுதான்.

தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவர் அரசியல் எதிரி. அவருக்கு இதில் ஆதாயம் இருக்கிறது என்றார்கள். இருந்திருக்கலாம். மக்களாட்சியில் எதிர்க்கட்சிக்காரரும் காவல்காரர்தான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2003 நவம்பர் 18 அன்று வழக்கைப் பெங்களூருக்கு மாற்றி உத்தரவிட்டது. அரசு வழக்கறிஞரைக் கர்நாடகம் நியமிக்க வேண்டும், பாதுகாப்பு கேட்கும் சாட்சிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்றது. நம் கணிப்பில் இந்த உத்தரவின் உயிர், வழக்கறிஞர் நியமனம் பற்றிய வரியில்தான் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் அரசே அவருக்கு எதிராக வாதாடும் வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் நிலை நீடித்திருந்தால், பெங்களூருக்குப் போயும் பயனில்லை.

அதன் பிறகு நடந்தது நாம் அறிந்ததுதான். 2011-இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே பெங்களூர் சென்று 1,339 கேள்விகளுக்குப் பதில் சொன்னார். 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தார். 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் தனி நீதிமன்றத் தீர்ப்பை நிலைநிறுத்தியபோது அவர் இறந்து இரண்டு மாதம் கடந்திருந்தது. தமிழில் இருந்த சாட்சியங்களையும் ஆவணங்களையும் ஆங்கிலத்தில் பெயர்க்கவும், வாய்தா மேல் வாய்தா வாங்கவும் கரைந்த ஆண்டுகளை எவரும் திருப்பித் தர முடியாது. அன்பழகன் கேட்டது சரி, நீதிமன்றம் கொடுத்ததும் சரி, எடுத்துக்கொண்ட காலம் தவறு.

இதே உச்ச நீதிமன்றம், பெங்களூர் உத்தரவுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே ஜெயலலிதா அரசிடமிருந்து இன்னொரு வழக்கையும் எடுத்தது. இந்த முறை கேட்டவர் குற்றம் சாட்டப்பட்டவர். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் 2004 செப்டம்பர் 3 அன்று கோயில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நவம்பரில் தீபாவளி வேளையில் காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் கைதானார். மடத்தின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. அரசு அளவுக்கு மீறிய வேகம் காட்டுகிறது, இந்த மாநிலத்தில் எனக்கு நேர்மையான விசாரணை கிடைக்காது என்றார் அவர். 2005 அக்டோபரில் வழக்கு செங்கல்பட்டிலிருந்து புதுச்சேரிக்குப் போனது. புதுச்சேரியில் தமிழே நீதிமன்றத்தில் காதில் விழும் மொழி. சாட்சிகள் காலையில் பேருந்து ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். ஊரைத் தேர்ந்தெடுத்த விதத்தில் குறை காண ஒன்றுமில்லை.

ஆனாலும் அங்கே விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ்ந்தார்கள். 2013 நவம்பர் 27 அன்று அனைவரும் விடுதலை. சங்கரராமனைக் கொன்றவர் யார் என்பதற்கு எந்த நீதிமன்றமும் இன்றுவரை பதில் சொல்லவில்லை. ஊரை மாற்றினால் பயம் தானாகப் போய்விடாது. சாட்சி இரவில் திரும்பிப்போய்ப் படுக்கும் வீடு அதே தெருவில்தான் இருக்கிறது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு வந்ததே 2018 டிசம்பரில்தான். அதற்கு முன் மாற்றப்பட்ட வழக்குகளின் சாட்சிகள் பெரும்பாலும் தங்கள் துணிச்சலை நம்பிப் பயணம் போனவர்கள்.

மாற்ற மறுத்த வழக்கும் ஒன்று உண்டு. 1998 பிப்ரவரி 14 கோவைக் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டார்கள். அந்த வழக்கில் கைதான கேரளத்தின் அப்துல் நாசர் மதானி, தமிழ்நாட்டுக்கு வெளியே விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். அன்று கோவையில் இருந்த கொதிப்பில் அந்தப் பயத்தை வெறும் கற்பனை என்று நம்மால் தள்ளிவிட முடியாது. உச்ச நீதிமன்றம் 2000-இல் மறுத்தது. அந்த வழக்கின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை வேறு மாநிலத்துக்கு இழுத்தடிப்பது யாருக்கும் நியாயமாக இருந்திருக்காது. 2007 ஆகஸ்டு 1 அன்று, அவர் எந்த ஊரைக் கண்டு அஞ்சினாரோ அதே கோவையின் தனி நீதிமன்றம் அவர் மீதான குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதியை நாம் மதிக்கிறோம். விடுதலை வரும்வரை ஒன்பது ஆண்டுக்கு மேல் ஜாமீனில்லாமல் ஒரு மனிதரை உள்ளே வைத்திருந்ததை மன்னிக்க முடியாது.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வழக்கு ஊர் மாறும்போது அந்தத் தூரத்தின் பாரம் யார் தலையில் ஏறுகிறது? ஆட்சியில் இருப்பவரின் பிடியிலிருந்து வழக்கை விடுவிக்கும் மாற்றம் அறம். பாதிக்கப்பட்டவரின் கைக்கு எட்டாத இடத்துக்கு வழக்கைத் தூக்கிப்போகும் மாற்றம் அநியாயம். ஜம்மு-காஷ்மீரின் கதுவாவில் எட்டு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப் போன போலீசாரை 2018 ஏப்ரலில் உள்ளூர் வழக்கறிஞர்களே மறித்தார்கள். மே 7 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கைப் பஞ்சாபின் பதான்கோட்டுக்கு மாற்றியது. அன்றாடம் விசாரிக்க வேண்டும், மூடிய அறையில் விசாரிக்க வேண்டும், உருது வாக்குமூலங்களை மொழிபெயர்க்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. பதின்மூன்றே மாதத்தில் தீர்ப்பு வந்தது. தூரத்தின் பாரத்தை நீதிமன்றமே பாதி சுமந்தால் இப்படி முடிகிறது.

இலங்கையில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தத் தலையங்கத்தை முடித்தால் நாம் கடமை தவறியவர்கள்.

திருகோணமலை மாவட்டம் மூதூரை அடுத்த குமாரபுரத்தில் 1996 பிப்ரவரி 11 அன்று இராணுவத்தினர் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கொன்றார்கள். இறந்தவர்களில் குழந்தைகளும் பெண்களும் இருந்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் சுட்டவர்களை அடையாளம் காட்டினார்கள். ஆனால் வழக்கு நடந்தது அநுராதபுரத்தில். படையினரின் பாதுகாப்பு அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. குமாரபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். கூலி வேலையை விட்டுவிட்டு, தங்கள் மொழி புழங்காத ஊருக்கு, தங்கள் பிள்ளைகளைச் சுட்டவர்களாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் முன்னால் நின்று சாட்சி சொல்ல அந்தத் தாய்மார் போனார்கள். ஜூரியில் இருந்தவர்கள் அனைவரும் சிங்களவர். கொலை நடந்து இருபது ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலை 27 அன்று, ஆறு படையினரும் விடுதலையானார்கள்.

இது ஒரு தடவை நடந்த தவறு அல்ல. மட்டக்களப்பு மாவட்டம் மைலந்தனையில் 1992 ஆகஸ்டு 9 அன்று 35 தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கு பொலன்னறுவைக்குப் போய், பிறகு கொழும்புக்குப் போய், 2002-இல் ஜூரியின் விடுதலைத் தீர்ப்போடு முடிந்தது. 2017-இல் தமிழ்க் கைதிகள் மூவரின் வழக்கு வவுனியாவிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டபோது அவர்கள் சிறைக்குள் உண்ணாவிரதம் இருந்தார்கள். படையினர் குற்றம் சாட்டப்பட்டாலும் வழக்கு தமிழர் ஊரை விட்டு வெளியே போனது. தமிழர் குற்றம் சாட்டப்பட்டாலும் வெளியே போனது. பாதுகாப்பு என்ற ஒரே சொல் இரண்டுக்கும் காரணமாயிற்று. பாரம் ஒவ்வொரு முறையும் ஒரே இனத்தின் தலையில் ஏறியது.

ஊர் மாற்றும் உத்தரவில் எந்த நாட்டு நீதிபதியும் நான்கு செலவுகளையாவது எழுதியே ஆக வேண்டும் என்று கோருகிறோம். சாட்சியின் பயணச் செலவு, தங்கும் இடம், இழக்கும் நாள்கூலி, மொழிபெயர்ப்பாளர். இவற்றை அரசே கொடுக்க வேண்டும். ஜூரி இருக்கும் நாடுகளில் பாதிக்கப்பட்டவரின் மொழி அறிந்தவர்கள் அந்த ஜூரியில் இருக்க வேண்டும். சிங்கப்பூர் 1970-இல் ஜூரி முறையைக் கைவிட்டது. அந்தப் பிரச்சினை நமக்கு இல்லை. அதனால் நமக்குப் பேச உரிமை இல்லை என்று ஆகாது. தேக்காவில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தாரும் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் வாழும் தஞ்சாவூராரும் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், கோயில் திருப்பணிக்குக் கொடுக்கிறார்கள். அந்த ஊர்ச் சாட்சிக்கு ஒரு பேருந்துச் சீட்டுக்கும் வழக்கறிஞர் கட்டணத்துக்கும் கொடுப்பதும் திருப்பணிதான்.

குமாரபுரம் வழக்கை அநுராதபுரத்தில் நடத்தியது தவறு. அதைச் செய்தவர்கள் அந்தத் தாய்மாருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.