ரேணிகுண்டாவில் இறங்காதவர்கள்

தமிழில் கதை எழுதுகிற, படிக்கிற நமக்கு ரேணிகுண்டா என்றால் மும்பை ரயில் நின்று போகும் ஜங்ஷன். அதை விட்டால் 2009-இல் வந்த ஒரு படத்தின் தலைப்பு. சிறையிலிருந்து தப்பிய பையன்கள் வந்து சேரும் இடமாக அந்த ஊர்ப் பெயர் நமக்குப் பயன்பட்டது. அந்த மண் தன் கதையை எப்படிச் சொல்லிக்கொள்கிறது என்று கேட்க நம்மில் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை.

கூடிப் பேசும்போதெல்லாம் எழுத எதுவும் வரமாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொள்கிறோம். கற்பனை ஏதோ நள்ளிரவில் தானாக வந்து இறங்கும் அருள் போலவும், அது வராததற்கு நாம் பொறுப்பில்லை போலவும் ஒரு பேச்சு. கி. ராஜநாராயணன் அப்படிக் காத்திருக்கவில்லை. நாட்டார் கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். தெலுங்கு தேசத்திலிருந்து தெற்கே ஓடிவந்த குடும்பங்களின் நினைவிலிருந்துதான் 1976-இல் 'கோபல்ல கிராமம்' வந்தது. அந்த நாவலைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். அந்தக் குடும்பங்கள் விட்டுவந்த வடக்கில் இன்னும் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று போய்க் கேட்டோமா?

போகாமல் இல்லை. திருமலைக்குப் போனோம்: மொட்டை, தரிசனம், லட்டு, திரும்பும் ரயில். காளத்திக்கு ராகு கேது பூஜைக்குப் போனோம். எலும்பு முறிந்தால் புத்தூருக்குக் கட்டுப் போட ஓடினோம். நமக்கு வேண்டியது கிடைத்ததும் வந்துவிட்டோம்.

அதே காளத்தியில், கோயிலை ஒட்டிய தெருக்களில், துணியில் கதை எழுதுகிறார்கள்; கலம்காரி என்று அதற்குப் பெயர். எருமைப்பாலும் கடுக்காயும் கலந்த நீரில் துணியை நனைத்துக் காயவைப்பார்கள். மை பரவாமல் இருக்க அந்தப் பால். இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுப்பது கறுப்பு மை. முனையில் துணி சுற்றிய மூங்கில் குச்சிதான் பேனா. நடுவில் பெரிய கட்டத்தில் ராமர் பட்டாபிஷேகம் என்றால், சுற்றிலும் வரிசை வரிசையாகச் சிறு கட்டங்களில் கதை நகரும். கீழே தெலுங்கில் விளக்கம் ஓடும். அச்சுப் புத்தகம் இல்லாத ஊரில் கோயிலில் தொங்கவிட்டு, பார்த்தும் படித்தும் கதை கேட்ட துணிகள் இவை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 19ஆம் நூற்றாண்டுத் துணிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறது. 1950-களின் கடைசியில் கமலாதேவி சட்டோபாத்யாயா முயற்சியால் காளத்தியில் பயிற்சி மையம் வந்திராவிட்டால் இந்தக் கை வேலையே போயிருக்கும். பள்ளி ஆசிரியராகவும் கலைஞராகவும் இருந்த ஜொன்னலகட்டா குரப்பச் செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாமோ கலம்காரி என்றால் அச்சடித்த ரவிக்கைத் துணியையே நினைத்தோம். மீட்டர் என்ன விலை என்று விசாரித்தோமே தவிர, அதில் யார் கதை என்று விசாரிக்கவில்லை.

கண்ணப்பர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காளத்தி வேடன் திண்ணனைச் சேக்கிழார் வழியாக மனப்பாடமாக அறிவோம். அதே வேடனை 16ஆம் நூற்றாண்டில் தூர்ஜடி தெலுங்கில் பாடியிருக்கிறார். ஒரே கதை இரண்டு கவிகளின் கையில் எங்கே பிரிகிறது, யார் எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்று பார்ப்பதைவிடக் கதை எழுதுகிறவனுக்கு நல்ல பாடம் எது? பக்திக்கு ஒரு பிரதி போதும் என்று இருந்துவிட்டோம்.

கூத்தும் அப்படித்தான். சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தர்மராஜா கோயில் விழாவில் பகலில் பாரதக் கதை, இரவில் நாடகம். அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் உயரமான மரத்தில் ஏறுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். கடைசியில் மண்ணில் செய்த துரியோதனன், பிறகு தீமிதி. செஞ்சிப் பக்கம் நடப்பதேதான், ஆனால் தெலுங்கில். கூத்து நம் தனிச்சொத்து என்று எழுதிய கட்டுரைகளில் அந்தக் கிராமங்களுக்கு ஒரு பத்திகூட ஒதுக்கவில்லை.

இத்தனைக்கும் இந்த மண்ணுக்காகச் சண்டை போட்டவர்கள் நாம். ம.பொ.சி.யின் வட எல்லைப் போராட்டத்தில் வேங்கடம் வேண்டும் என்றோம். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி நம் பக்கம் வந்தது, திருப்பதி அந்தப் பக்கமே இருந்தது. கணக்கு முடிந்தது என்று எழுந்து வந்துவிட்டோம். நிலம் கேட்டவர்கள் கதை கேட்கவில்லை. அங்கே தங்கிவிட்ட தமிழர்களின் கதையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இப்படி இருக்கவில்லை. சித்தூர் மாவட்டத்துச் சிறுகதைக்காரர் மதுராந்தகம் ராஜாராம், 1993-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், தமிழ் நூல்களைத் தெலுங்குக்குக் கொண்டுபோனவர். அவர் மகன் நரேந்திரா 2022-இல் அதே விருது பெற்றார். நாமினி சுப்பிரமணியம் நாயுடு தன் கிராமத்துப் பேச்சையும் அம்மாவையும் அப்படியே எழுத்தில் உட்காரவைத்தார். டாக்டர் கேசவ ரெட்டி, காட்டில் தன் சினைப் பன்றியைத் தேடிப் போகும் ஒரு கிழவனை வைத்து நாவல் எழுதினார்; ஏ. ஜி. எத்திராஜுலு அதைத் தமிழில் 'அவன் காட்டை வென்றான்' என்று தந்தார். படித்தவர்கள் வியந்தார்கள். வியந்ததோடு சரி. ஒரு சில மொழிபெயர்ப்பாளர்கள் தலையிலேயே தெலுங்கு முழுவதையும் ஏற்றிவிட்டு, கொலம்பிய நாவல்களின் கிராமத்து மாயங்களைப் பற்றி இரவெல்லாம் பேசினோம். அவற்றைப் படித்ததில் தப்பே இல்லை. ஆனால் சென்னையிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரக்கூடிய ஊரின் எழுத்தைக் கூட்டிப் படிக்க நம்மில் எத்தனை பேர் கற்றுக்கொண்டோம்?