நம் கல்லூரிக்கு ஒரு வெப்பநிலை ஏடு

'இவ்வாண்டைப் போல் எவ்வாண்டும் வெயில் காய்ந்ததில்லை' என்பது கோடைதோறும் நம் செவியில் விழும் மொழி. அம்பத்தூர்த் திண்ணையொன்றில் அமர்ந்திருந்த முதியோர் இருவரை இதுபற்றி யாம் ஒருநாள் வினவினோம். ஒருவர், 'எங்கள் இளமையில் ஏரிக்காற்றே போதும், விசிறி எதற்கு?' என்றார். மற்றவர், 'அன்றும் கத்திரி வெயிலில் கால் கொப்புளித்ததே, மறந்தீரோ?' என மறுத்தார். இருவரும் பொய்யுரைப்பவர் அல்லர். எனினும் இருவர் கூற்றும் ஒருங்கே மெய்யாதல் அரிது. இவ்வழக்கைத் தீர்க்க வல்லது நாடோறும் எழுதப்பெற்ற ஏடு ஒன்றே. அத்தகைய ஏடொன்றை நம் கல்லூரி தொடங்கிப் பேணுதல் வேண்டும் என்பதே யாம் ஈண்டு வலியுறுத்தக் கருதுவது.

நம் முன்னோர் காலத்தின் இயல்பை அறியாதவர் அல்லர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, அவற்றை மக்கள் ஒழுகலாற்றோடு இயைத்து இலக்கணம் கண்ட நாடு நம் நாடு. ஏரிக்கு விட்ட நிலத்தின் எல்லையையும், விளக்கிற்கு விட்ட ஆடுகளின் தொகையையும் கல்லில் வெட்டி வைத்தவரும் நம்மவரே. ஆயினும் முதுவேனில் எத்துணை வெம்மையுடையது என்பதை அவர் எண்ணால் குறித்தாரில்லை; அதற்குரிய கருவி அந்நாளில் உலகில் எங்கும் இல்லை. கருவி வந்த பின்னரும் குறியாது விடுதலே குற்றமாகும்.

கருவி நம் நகருக்கு மிக முன்னரே வந்தது. 1786 ஆம் ஆண்டில் வில்லியம் பெட்ரி என்பார் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் வான்நோக்கு நிலையம் ஒன்றை அமைத்தார். பின்னர் அது கிழக்கிந்தியக் கும்பெனியாரின் உடைமையாயிற்று. மைக்கேல் டாப்பிங் என்பாரின் முயற்சியால் 1792 இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனக் கட்டடம் எழுந்தது. அந்நாளில் நாட்டிய கருங்கற்றூண் இன்றும் அங்கே நிற்கின்றது. அதன்மேல் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது. 1796 முதல் அந்நிலையத்தில் வானிலை முறையாகக் குறிக்கப்பட்டு வந்தது. 1899 இல் விண்மீனாராய்ச்சி கொடைக்கானலுக்குச் சென்றது. வெயிலையும் மழையையும் எழுதும் பணி நுங்கம்பாக்கத்திலேயே நின்றது.

அவ்வெண்களால் விளைந்த பயன் யாது? ஒன்று கூறுவோம். கோல்டிங்காம் என்னும் வானநூலார், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கும் பீரங்கிகளின் ஒளி தோன்றுதற்கும் ஒலி கேட்டற்கும் இடைப்பட்ட காலத்தை நிலையத்திலிருந்து நாடோறும் அளந்தார். அன்றன்றைய வெப்பத்தோடு அதனை ஒப்பிட்டு, ஒலியின் விரைவு வெப்பத்திற்கேற்ப மாறுதலைக் காட்டி, 1823 இல் வெளியிட்டார். வெப்பமானியின் ஏடு அருகில் இல்லையேல் அவ்வுண்மை புலனாகியிராது. நம் காலத்திலும், 1796 தொடங்கி இருநூறாண்டுக்கு மேற்பட்ட சென்னையின் காற்றழுத்த வரலாற்றை அறிஞர் அப்பழைய ஏடுகளினின்று மீட்டெடுத்துள்ளனர்.

இனி, மக்கள் வழங்காத கடலிடைத் தீவுகளிலும் மனிதர் இருந்து இவ்வாறு எண்களை எழுதி வருதலை நினைக்குந்தோறும் எமக்கு வியப்புண்டாகின்றது. நம் நாட்டிலேயே அரபிக்கடலின் நடுவே கிடக்கும் மினிக்காய்த் தீவில் வானிலை நிலையம் உண்டு. பசிபிக் பெருங்கடலில் தகித்தி என்றொரு தீவு உண்டு. அதன் காற்றழுத்தத்தையும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துக் காற்றழுத்தத்தையும் ஒப்பிட்டுக் கணக்கிடும் வரிசை 1876 இலிருந்து கிடைக்கின்றது. அவ்வாண்டே நம் மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் தொடங்கிற்று. இரண்டாண்டில் இந்தியாவில் அரைக்கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பஞ்சத்திற்கும் பின்வந்த பஞ்சங்களுக்கும் காரணம் தேடும் கடமை, 1904 இல் இந்திய வானிலைத் துறையின் தலைவராய் வந்த கில்பர்ட் வாக்கர் என்னும் கணித அறிஞரைச் சார்ந்தது. அவர் உலகெங்கும் உள்ள நிலையங்களின் ஏடுகளை வரவழைத்து ஒப்பிட்டார். பசிபிக் கடலின் ஒருபுறம் அழுத்தம் ஏறுங்கால் மறுபுறம் இறங்குதலைக் கண்டு, அதற்குத் தென் அலைவு எனப் பெயரிட்டார். தகித்தியில் அழுத்தம் குன்றி டார்வினில் மிகும் ஆண்டுகளில், நமக்குத் தென்மேற்குப் பருவமழை பொய்த்தலும் வடகிழக்குப் பருவமழை மிகுதலும் பலகால் நிகழ்கின்றன. 2015 அத்தகைய ஆண்டே. தீவொன்றில் இருந்து அழுத்தமானியை நோக்கி எழுதினவர், அவ்வெண் பூவிருந்தவல்லிக்கும் ஆவடிக்கும் பொருளுடையதாகும் என்று கனவிலும் கருதியிரார். எனினும் பிழையின்றி எழுதினார்.

தீவு நிலையத்தின் வெப்ப ஏட்டிற்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. அதனைச் சூழ்ந்து நகர் வளர்வதில்லை. ஆதலின் அதன் வெப்பம் உயருமாயின், அவ்வுயர்வைப் புதுக் கட்டடத்தின்மேலும் தார்ச்சாலையின்மேலும் ஏற்றுதல் இயலாது. நகர் நிலையமோ அத்தகையதன்று. கல்லும் காரையும் பகலில் உண்ட வெம்மையை இரவில் உமிழ்தலால், நகரையே 'வெப்பத் தீவு' என அறிஞர் அழைக்கின்றனர். நுங்கம்பாக்கத்தில் 1895 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெப்பநிலை 13.9 பாகை செல்சியஸ் வரை தாழ்ந்தது. 2003 ஆம் ஆண்டு மேத்திங்களில் 45 பாகையைத் தொட்டது. இவ்விரண்டெண்ணையும் அருகருகே வைத்து, 'உலகம் இத்துணை மாறிற்று' என முழங்குதல் பேதைமை. ஒன்று பனிக்காலத்தது, மற்றொன்று கோடையது. ஓராண்டின் ஒரு நாள் எதனையும் மெய்ப்பியாது. பல்லாண்டின் பல நாள்களே சான்றாகும். அன்றியும், பழங்காலத்தில் வெப்பமானியை ஓலைக் கொட்டிலில் தொங்கவிட்டனர். பின்னர் வெண்ணிறம் பூசிய மரப்பெட்டியில் வைத்தனர். இம்மாற்றங்களையும் ஏட்டில் குறித்தவர் நமக்கு நல்லாசிரியர். குறியாதவர் விட்டுச் சென்றது வெறும் எண்ணே.

இஃது அறிஞர்க்கு மட்டும் உரிய செய்தி என்று நினைத்தல் தவறு. வெப்ப அலை என்பதற்கு நம் நாட்டில் இலக்கணம் உண்டு. சமவெளியில் 40 பாகையை எட்டி, இயல்பினும் 4.5 பாகை மிகுதல் வேண்டும். கடற்கரையிலாயின் 37 பாகையும் அதே மிகுதியும் போதும். ஈண்டு 'இயல்பு' என்னும் சொல்லை நோக்குக. முப்பதாண்டுச் சராசரியே இயல்பு எனப்படுவது. முப்பதாண்டு ஏடு இல்லாத ஊருக்கு இயல்பும் இல்லை. இயல்பு இல்லாத ஊருக்கு மிகுதியும் இல்லை! 2024 இல் தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்திற்கு உதவித்தொகையும் வகுத்தது. ஆகவே ஓர் எண் இருத்தலும் இல்லாமையும் ஏழையின் வாழ்வைத் தொடுகின்றது.

நம் புறநகரின் நிலை யாது? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் தகரக் கூரையின்கீழ் உழைப்போர் பலர். கடற்காற்று நகர்க்கரையைத் தழுவி நெடுநேரம் கழித்தே நம்பால் வருகின்றது. எனினும் நம் வெயிலைப் பற்றிப் பேசுவோர் நுங்கம்பாக்கத்து எண்ணையும் மீனம்பாக்கத்து எண்ணையுமே காட்டுகின்றனர். ஓரூரின் எண் மற்றோரூருக்கு ஆகாது என்பதை 2015 ஆம் ஆண்டு வெள்ளம் நன்கு கற்பித்தது. டிசம்பர் 2 ஆம் நாட் காலையோடு முடிந்த ஒருநாளில் நுங்கம்பாக்கத்தில் பெய்த மழை 29 சென்டிமீட்டர். 20 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலுள்ள செம்பரம்பாக்கத்திலோ 47 சென்டிமீட்டர். மழைக்கு இத்துணை வேறுபாடு இருக்குமாயின், வெயிலுக்கு வேறுபாடே இராது என்று எவர் துணிந்து கூறுவார்?

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். 'கைப்பேசி வெப்பத்தைக் காட்டுகின்றதே, ஏடு எதற்கு?' என்பர். கைப்பேசி காட்டுவது பெரும்பாலும் கணக்கிட்டுப் பெற்ற எண். நம் முற்றத்தில் அளந்த எண் அன்று. நாளை அதனைத் தேடினால் கிட்டுமென்பதும் உறுதியன்று. 'புறநகரில் தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டனவே' என்பர். நன்று, ஆயினும் அவை இளையன, பழுதுற்றால் அருகிருந்து காண்பார் வேண்டும். 'மாணவர் மூன்றாண்டில் சென்றுவிடுவர்' என்பர். மாணவர் செல்வர், கல்லூரி நிற்கும். திருப்பலிக் கோயிலின் மணியை ஒருவரே நூறாண்டு அடித்தாரில்லை. ஆயினும் மணி நூறாண்டு ஒலித்தது. 'தமிழ் மாணவர்க்கு வெப்பமானியோடு என்ன உறவு?' என நகுவாரும் உண்டு. பெரும்பொழுதைப் பாடஞ் சொல்லக் கேட்கும் நாம், அப்பொழுதுகள் இன்று எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடிகின்றன என்று அறிய விழைதல் இயல்பன்றோ? வேம்பு பூத்த நாளையும், குயில் முதற்கண் கூவிய நாளையும் வெப்பத்தின் அருகே நல்ல தமிழில் எழுதுதல் நமக்கே உரிய பணி.

வேண்டுவன சிலவே: உயர்வையும் தாழ்வையும் காட்டும் இரு வெப்பமானிகள், காற்றோட்டமுள்ள வெண்ணிற மரப்பெட்டி, ஒரு மழைமானி, கெட்டி அட்டையிட்ட ஏடு. சுவரையும் மர நிழலையும் விட்டு விலகிய புற்றரையில் பெட்டியை நிறுத்தி, நாடோறும் காலை எட்டரை மணிக்கு இருவர் கண்டு கையொப்பமிட வேண்டும். விடுமுறையில் அருகில் வாழும் மாணவர் முறைவைத்துக் கொள்ளலாம். நோக்கத் தவறிய நாளை வெற்றிடமாக விடுக. ஊகித்து நிரப்புதல் பொய்ச்சான்று கூறுதலோடு ஒக்கும். பெட்டியின் அருகே புதுக்கட்டடம் எழுந்தால் அதனையும் ஏட்டிற் குறிக்க. ஆண்டு முடிவில் அதன் சுருக்கத்தை இம்மலரிலேயே வெளியிடலாம். பழைய மாணவர் அதனைக் கண்டு தம் காலத்தை நினைந்து மகிழ்வர்.

எகிப்து நாட்டில் யோசேப்பு ஏழு வளவாண்டுகளின் விளைவைச் சேர்த்து வைத்தமையால், பின்வந்த ஏழு வறுமையாண்டுகளில் மக்கள் உயிர் பிழைத்தனர் என வேதத்தில் படிக்கின்றோம். ஏடும் ஒரு களஞ்சியமே. அதில் நாள்தோறும் இடும் மணி சிறிது. எடுத்துண்பார் நாமல்லர், பின்வருவோர். சிறியதில் உண்மையாயிருப்போரே பெரியதற்குத் தகுதியுடையோர் என்பது நம் ஆண்டவர் கற்பித்த நெறி. முதல்வரும் ஆசிரியப் பெருமக்களும் இவ்வேண்டுகோளுக்குச் செவிசாய்ப்பாராக. வரும் சித்திரையின் முதனாளில் அவ்வேட்டின் முதல் வரி எழுதப்படுமாயின், முப்பதாண்டின் பின் இப்புறநகர்க்கும் தனக்கென ஓர் 'இயல்பு' உண்டாகும். திண்ணையில் வழக்கிடும் முதியோர்க்கு, அக்காலை நாமே அம்முதியோராயினும், விடை கூற ஏடு இருக்கும்.