அச்சடிக்கிற கட்டி யாருடையது?

டிஸ்கி: கொஞ்சம் சூடான பதிவு. "அறிவியலுக்கு எதிரி" என்று யாரும் கம்பைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம், நான் அந்தக் கட்சி இல்லை.

குடும்ப வாட்சப் குழுவில் போன வாரம் ஒரு ஃபார்வர்டு. "கேன்சர் கட்டியையே பிரிண்டரில் அச்சடிக்கிறார்களாம், இனி எலிக்கும் வேலையில்லை, மனுசனுக்கும் பயமில்லை!" நியூஜெர்சி சித்தப்பா முதல் சிங்கப்பூர் மதினி வரை எல்லோரும் கைதட்டியாகிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. அச்சடிக்கிற கட்டி யாருடையது?

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். புற்றுநோய் மருந்தை ஆய்வகத்தில் வழக்கமாகச் சோதிப்பது, தட்டில் ஒரே அடுக்காகப் படர்ந்திருக்கும் செல்களில். உடம்புக்குள் இருக்கும் கட்டி தோசை மாதிரித் தட்டையாக இருக்காது. நடுவில் ஆக்சிஜன் எட்டாத பகுதி, சுற்றிலும் நார்த்திசு, ஊடே ரத்தக்குழாய்கள். மருந்து இத்தனையையும் தாண்டிப் போகவேண்டும். மனிதர்களிடம் சோதனைக்கு வரும் புது மருந்துகளில் பத்துக்கு ஒன்பது தேறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயோபிரிண்டிங்கில் ஜெலட்டின், ஆல்ஜினேட் போன்ற கூழில் உயிருள்ள செல்களைக் கலந்து, முறுக்குப் பிழிவது போல அடுக்கடுக்காகப் பிழிகிறார்கள். பெங்களூரின் பண்டோரம் நிறுவனம் 2015லேயே கல்லீரல் திசுவை அச்சடித்தது. 2021ல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியை ரத்தக்குழாய் அமைப்போடு அச்சடித்துக் காட்டினார்கள். மருந்து அனுமதிக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்பதை 2022 டிசம்பரில் அமெரிக்கா நீக்கியது. இந்தியாவும் 2023ல் விதிகளைத் திருத்தி, மனித செல் மாதிரிகளுக்கு இடம் கொடுத்தது.

எல்லாம் நல்லதுதான். ஆனால் மை எங்கிருந்து வருகிறது? நிஜத்துக்கு நெருக்கமான கட்டி வேண்டுமென்றால், நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த செல்தான் வேண்டும். இனி அதற்குத் தேவை கூடிக்கொண்டே போகும்.

இதில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1951ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவருக்குச் சொல்லாமலே செல்களை எடுத்தார்கள். அந்த ஹீலா செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. குடும்பத்துக்கு விஷயம் தெரிந்தது எழுபதுகளில். ஒரு நிறுவனத்தோடு வழக்குப் போட்டு உடன்பாடு வந்தது 2023ல். எழுபத்திரண்டு வருசம்!

"அது அமெரிக்கா" என்கிறீர்களா? சரி, திருவனந்தபுரத்துக்கு வாருங்கள். 1999, 2000 வாக்கில் அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்று நோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு சோதனை மருந்து ஊசியில் செலுத்தப்பட்டது. கூட்டு சேர்ந்தது அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த ஒரு விஞ்ஞானி. தங்கள் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்படவில்லை என்று 2001ல் அந்தப் பல்கலைக்கழகமே ஒத்துக்கொண்டது. நோயாளிகளிடம் சம்மதம் வாங்கிய விதமும் கேள்விக்குள்ளானது.

இப்போது நம்ம ஊர்க் கதை. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளுகிற நம் சனம் மலையாளம் பேசும். ஆனால் படித்தது எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரத்திலும் வீட்டுக்கு வீடு இதே நிலைதான்.

எங்கள் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, மலையிறங்கி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) சேர்ந்தார்கள். போனில் கேட்டேன்.

"என்னத்துல கையெழுத்து போட்டீங்க பெரியம்மா?"

"டாக்டரு போடச் சொன்னாரு, போட்டேன்யா. ஆப்பரேசனுக்குத்தான்."

தம்பி படம் எடுத்து அனுப்பிய தாளைப் பார்த்தேன். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் மலையாளம். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: எடுக்கும் திசுவை ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தலாம். அதற்குக் கீழே தமிழில் பெரியம்மாவின் கையெழுத்து. வாசிக்கத் தெரியாத தாளில் வாங்கிய கையெழுத்துக்குப் பெயர் சம்மதமா? 

விதி இல்லாமல் இல்லை. கொடுத்த திசுவுக்கு உரிமையாளர் அதைக் கொடுத்தவரே என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. சம்மதம் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்கவேண்டும் என்றும், மறுத்தால் சிகிச்சை குறையக்கூடாது என்றும் சொல்கின்றன. தாளில் எல்லாம் இருக்கிறது, மலையில்தான் இல்லை.

"இப்படி ஆளாளுக்கு மொழி பேசினால் ஆராய்ச்சி எப்ப முடியும்?" என்று ஒரு அறிவாளி அண்ணன் கேட்பார். அண்ணே, பிரிண்டருக்கு லட்சக்கணக்கில் செலவு செய்யக் காசு இருக்கிறது. இரண்டு பக்கத்தைத் தமிழில் பெயர்த்து வாசித்துக் காட்ட ஆள் கிடைக்காதா? அட்டப்பாடி இருளர்களுக்கு அவர்கள் பேச்சில் வாய்விட்டுச் சொன்னால்தான் அது சம்மதம். அந்த அரைமணி நேரம் தாமதம் இல்லை, ஆராய்ச்சியின் முதல் படி.

நான் கேட்பது மூன்றுதான். ஆப்பரேசனுக்கு ஒரு தாள், ஆராய்ச்சிக்குத் தனித் தாள். இரண்டும் நோயாளியின் மொழியில். அந்தக் கட்டியை வைத்து மருந்து கண்டுபிடித்தால், கொடுத்த சனத்துக்கு எட்டுகிற விலையில் அது கிடைக்க ஏற்பாடு.

இங்கே உட்கார்ந்து ஃபார்வர்டு பண்ணுகிற நமக்கும் ஒரு வேலை உண்டு. ஊரில் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லுங்கள். பெரியம்மா "சரி" என்று சொன்னால் சந்தோஷமாகக் கொடுக்கட்டும். "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். கட்டியும் அவருடையது, முடிவும் அவருடையது.