பயிர்க்கடன் கெடுவும் கரும்புப் பணமும்: மோகனூர் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை



விவசாயக் குடும்பங்களைத் தொடும் இரண்டு மாற்றங்களை ரிசர்வ் வங்கி அறிவித்துள்ளது. ஒன்று, அடமானம் இல்லாத விவசாயக் கடன் வரம்பு 2025 ஜனவரி 1 முதல் 1.60 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. இரண்டு, நகைக்கடனுக்கான புதிய விதிகள். இவற்றை வங்கிகள் பின்பற்ற வேண்டிய கெடு 2026 ஏப்ரல் 1.

இரண்டும் நமக்குச் சாதகமானவையே. ஆனால் கடனைக் கட்ட வேண்டிய தேதியைக் கவனிக்காவிட்டால் பலன் கைக்கு வராது.

வட்டிக் கணக்கு

கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 சதவீதம்தான். கூட்டுறவு சொசைட்டிப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியை அரசே ஏற்கிறது.

ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு ஓராண்டு வட்டி:

- கிசான் அட்டை, கெடுவுக்குள்: 6,000 ரூபாய்
- கிசான் அட்டை, கெடு தவறினால்: 10,500 ரூபாய். கெடுவுக்குப் பிந்தைய நாட்களுக்கு வங்கியின் வழக்கமான வட்டி தனி
- வெளியில் இரண்டு வட்டிக்கு: 36,000 ரூபாய்

மோகனூரில் சிக்கல் எங்கே?

இந்த வட்டிச் சலுகை அதிகபட்சம் ஓராண்டுக்குத்தான். நம் காவிரிக் கரையில் கரும்புக்கு 10 முதல் 12 மாதம் ஆகிறது, வாழைக்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம். அதன் பிறகு வெட்டு உத்தரவு வர வேண்டும். கரும்பு ஆலைக்குப் போன 14 நாளில் பணம் தர வேண்டும் என்பது சட்டம். வெட்டு தள்ளிப்போனாலும், பணம் தாமதமானாலும் கடன் கெடு நமக்காகக் காத்திருக்காது. கெடுவைச் சமாளிக்க வெளியில் வட்டிக்கு வாங்கினால், மிச்சமான சலுகை அங்கே போய்விடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முழுத் தொகையையும் உழவு நாளிலேயே எடுக்காதீர்கள். கரணை, உரம், மண் அணைப்பு, சோகை உரிப்பு என்று தேவை வரும்போது எடுங்கள். கிசான் அட்டையில் எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி. அடுத்து, கரும்பு நட்டவுடன் ஊடுபயிராக உளுந்து போடுங்கள். 65 முதல் 70 நாளில் வரும் அந்தப் பணத்தைக் கடன் கணக்கில் கட்டிவிடுங்கள்.

நகையைத் திருப்பி வைக்கும்போது

அசலும் வட்டியும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வீட்டுச் செலவு நகைக்கடனுக்கு, புதிய விதிப்படி காலம் 12 மாதம். சேர்ந்த வட்டியைக் கட்டி, எழுத்தில் கேட்டால் வங்கி புதுப்பிக்கலாம். ஆனால் கடன் வாராக்கடனாகி இருக்கக் கூடாது. நகையின் மதிப்புக்கும் கடன் அடங்க வேண்டும். முழுவதும் கட்டிய பிறகு 7 வேலை நாளுக்குள் நகை திரும்ப வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

2 லட்சத்துக்குள் பயிர்க்கடன் கேட்கும்போது, நகை வைத்தால்தான் தருவோம் என்று வங்கி கட்டாயப்படுத்த முடியாது. நீங்களாக விரும்பி வைப்பதற்குத் தடையில்லை.

கல்லூரிக் கட்டணம்

பயிர்க்கடனை எடுத்துப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டினால் உரத்துக்குப் பணம் இருக்காது. கல்விக் கடனில் 4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும். படிப்புக்கு அந்தக் கடனே பொருத்தம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு கடனின் கெடு தேதியையும் வங்கியில் கேட்டு, ஒரே நோட்டில் எழுதுங்கள்.
2. பக்கத்திலேயே பயிர்ப் பணம் வரும் மாதத்தை எழுதுங்கள்.
3. கெடு முந்தி வந்தால், இரண்டு மாதம் முன்பே மேலாளரைப் பாருங்கள்.
4. நோட்டு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.