புல்கெண்டையும் மரபணுச் சோதனையும்

அயல்நாட்டு மீனொன்றை ஓர் ஆற்றில் விடுதல் எளிது. விட்டதை மீட்டல் அரிது. இவ்வுண்மையை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒஹையோ மாநிலத்தூடே ஓடி ஈரீ ஏரியிற் கலக்கும் சாண்டஸ்கி ஆறு நமக்கு நன்கு விளக்குகின்றது.

கிழக்காசிய ஆறுகளுக்குரிய புல்கெண்டை, குளங்களில் மண்டும் நீர்ப்பூண்டுகளைத் தின்றொழிக்கும் என்னும் நோக்கத்தோடு 1963-ஆம் ஆண்டில் அந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. நாளடைவில் அஃது ஆறுகளிற் புகுந்து பரவிற்று. ஆதலின், குரோமோசோம்களை இரண்டு தொகுதிக்கு மாறாக மூன்று தொகுதியாக உடைய மலட்டு மீன்களை உண்டாக்கிக் குளங்களில் விடலாயினர். ஈரீ ஏரியில் இடையிடையே அகப்பட்ட புல்கெண்டைகளும் அங்குப் பெருகமாட்டா என்றே பலர் எண்ணியிருந்தனர்.

அவ்வெண்ணம் நிலைக்கவில்லை. 2012-இல் சாண்டஸ்கி ஆற்றிற் பிடிபட்ட நான்கு இளமீன்களை ஆராய்ந்த அறிஞர், அவை மலடல்ல என்றும், அவ்வாற்றிலேயே பிறந்தவை என்றும் 2013-இல் வெளியிட்டனர். 2015-இல் முட்டைகளே ஆற்றினின்று எடுக்கப்பட்டன. மீன்முட்டைகள் பல ஒன்றுபோல் தோன்றுதலின் கண்ணால் மட்டும் துணிதல் அரிது. அவை புல்கெண்டையின் முட்டைகளே என்பதை ஐயமற நிறுவியது மரபணுச் சோதனையே.

ஈண்டு ஒரு வேற்றுமையை நாம் உணர்தல் வேண்டும். ஆற்றுநீரை முகந்து அதிற் கலந்துள்ள மரபணுத் துணுக்குகளைத் தேடுதல் ஒரு முறை. ஆயினும் அத்துணுக்கு பறவையின் எச்சத்தினின்றோ, இறந்த மீனினின்றோ, படகின் அடிப்புறத்தினின்றோ வந்திருத்தலும் கூடும். முட்டையைச் சோதித்துப் பெறும் விடையோ, அம்மீன் அங்கே இனம் பெருக்குகின்றது என்பதையே காட்டும். முன்னது குறிப்பு, பின்னது சான்று.

"சோதனை மீனைப் பிடிக்குமோ? பொருட்செலவு வீணன்றோ?" என வினவுவாரும் உளர். அவர்க்கு நாம் கூறும் விடை இது: புல்கெண்டை ஆறு பெருகுங்காலத்து ஓடும் நீரில் முட்டையிடும், முட்டைகள் நீரோட்டத்தில் மிதந்து சென்று பொரியும். முட்டையின் வளர்ச்சிநிலையையும் நீரின் விரைவையும் கணக்கிட்டால், அஃது இடப்பட்ட இடம் ஏறக்குறையப் புலப்படும். தாய்மீன்கள் கூடும் இடமும் காலமும் அறிந்து வலை வீசுதற்கும், பரந்த ஏரியில் குறியின்றி வலை வீசுதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

ஆகவே, மலடு என்னும் உறுதிமொழியை நம்பி வாளா இருத்தல் அறிவுடைமையாகாது. ஆண்டுதோறும் நீர்ப்பெருக்குக் காலத்தில் முட்டைகளைத் தேடிச் சோதித்தல் வேண்டும்; முடிவுகளை மக்களறிய வெளியிடுதல் வேண்டும்; முட்டை கண்டவுடனே வலையை எடுத்தல் வேண்டும். மீன்திரள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று காத்திருப்பின், ஏரிக்கரைச் சதுப்புகளின் பூண்டுகளும், அவற்றை நம்பி வாழும் நீர்ப்பறவைகளும், அவற்றினிடையே ஒதுங்கி வளரும் மீன்குஞ்சுகளும் அத்தாமதத்தின் விலையைக் கொடுக்க நேரும். முளையிலே கிள்ளுதற்கு உதவாத அறிவினால் யாது பயன்?