ஆர்ட்ஸ்காரருக்கு ஏன் லினக்ஸ்?

"தங்கச்சி, ஆர்ட்ஸ் படிக்கிற உங்களுக்கு ஏன் இந்தச் சோலி? 2500 தாங்கோ, வின்டோஸைப் போட்டு விடுறன்."

லப்டொப் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற இரண்டு கீகள் வேலை செய்யவில்லை என்று போன எனக்குக் கடைக்காரர் சொன்ன மருந்து இது. அவர் போடப்போவது கள்ள வின்டோஸ் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பூட்டு இறுகிப்போச்சு எண்டு சொன்னா, வீட்டையே மாத்தச் சொல்ற கதைதான்.

"ரெண்டு கீ, இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று கேட்பீர்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின நாட்டில இருந்துகொண்டு அப்படிக் கேக்காதீங்கோ. பற்றரியை அதிகம் தின்கிற பாகங்களில் ஒன்று திரையின் பின்வெளிச்சம். அதைக் குறைக்க ஏலாது என்றால், கட்டுரை முடிய முதலே லப்டொப் படுத்துவிடும். இரவு ஒரு மணிக்கு முழு வெளிச்சத்தில் வாசிக்கிற கண்ணின் கதை வேறு.

அடுத்து ஒரு சீனியர் அண்ணாவிடம் போனேன். லினக்ஸ் எண்டா விடுதலை என்று மணிக்கணக்காகப் பேசுகிறவர். லப்டொப்பை வாங்கி றீஸ்டார்ட் பண்ணினார், கறுப்புத் திரையில் என்னவோ ரைப் பண்ணினார், திருப்பித் தந்தார். கீ வேலை செய்தது. "என்ன செய்தனீங்கள் அண்ணா?" "அது சொன்னா உமக்கு விளங்காது."

கடைக்காரரில் எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அவர் விடுதலை பற்றிப் பேசவில்லையே.

மறுநாள் லப்டொப்பைப் போட்டால் கீ திரும்பவும் செத்துக் கிடக்கிறது. இந்த முறை நானே இருந்து வாசித்தேன். விளங்கியது. உங்களுக்கும் விளங்கும்.

வெளிச்சத்தை மாற்ற ஒரு லப்டொப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கலாம். ஃபெர்ம்வெயார் தருவது ஒன்று, தயாரித்த நிறுவனத்தின் தனி வழி இன்னொன்று, கிராஃபிக்ஸ் டிரைவரின் நேர்வழி மற்றது. கேர்னல் பிழையான வழியைப் பிடித்துக்கொண்டால், கீயை அமத்தத் திரையில் கோடு மட்டும் ஏறி இறங்கும், வெளிச்சம் அசையாது. கீயில் பழுதில்லை, செய்திதான் பிழையான விலாசத்துக்குப் போகிறது.

செய்யவேண்டியது இவ்வளவுதான். லப்டொப் தொடங்கும்போது வருகிற குரப் மெனுவில் 'ஈ' கீயை அமத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்' என்று ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தொடங்குங்கள். சரிவராவிட்டால் 'நேட்டிவ்' இருந்த இடத்தில் 'வென்டர்' அல்லது 'வீடியோ'. இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், பயப்பட ஒன்றுமில்லை. அண்ணா செய்துவிட்டு நிப்பாட்டினதும் இதில்தான். சரிவந்தால் அதே சொல்லைக் குரப்பின் அமைப்புக் கோப்பில் எழுதி, குரப்பை அப்டேட் பண்ணினால் நிலைக்கும்.

இதுக்குள்ள ஒரு பகிடியும் இருக்கு. ஃபெர்ம்வெயார் "நீ வின்டோஸா?" என்று கேட்டால், லினக்ஸ் கேர்னல் "ஓம்" என்று சொல்லும். கனக்க லப்டொப்புகளை வின்டோஸை நினைத்தே செய்கிறார்கள்; உண்மையைச் சொன்னால் சில வசதிகள் கிடைக்காது. இன்னொருத்தரின்ர பேரைச் சொன்னாத்தான் கதவு திறக்கும் என்பது எங்கட ஆக்களுக்குப் புதுக் கதையா என்ன?

இப்ப சொல்லுங்கோ, இதில எங்க கணக்கு வருது? ஒரு வரியை வாசித்து, எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் இது. கலைப்பீடத்தில் நாங்கள் வருஷக்கணக்காகச் செய்கிற வேலை. நேரமில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆர்ட்ஸ் என்பதால் விளங்காது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

லினக்ஸ் தெரிந்த அண்ணாமாருக்கு ஒரு சொல். அடுத்த முறை ஆருக்கும் திருத்திக் குடுத்தா, என்ன செய்தனீங்கள் என்று தமிழில் நாலு வரி எழுதியும் குடுங்கோ. அதைச் செய்யாமல் திறந்த மூலம், விடுதலை எண்டெல்லாம் பேசாதீங்கோ. பூட்டின்ர திறப்பு உங்கட பொக்கற்றுக்குள்ளதான் கிடக்கு.